சல்லடைக்குள் ஒரு ஈரத்துண்டு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. டாக்டர் சமீபத்தில்தான் கிளினிக்கை ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் மாற்றியிருந்தார். லஸ் முனையில் ஆட்டோவை நிறுத்தி, ஆற்றங்கரைப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருக்கும் நாற்பது மாடிக் கட்டடத்தின் பெயரைச் சொன்னேன். கிளினிக் அதற்கு எதிரே.

பெயர் இத்தாலிய மொழி. இரண்டு வார்த்தை. இரண்டாவது வார்த்தையை உச்சரிக்கும்போது கடைவாய்ப் பல் விண்ணென்று வலித்தது.

"இன்னா சார் சொல்றே?" என்றார் ஓட்டுநர்.

மறுபடி சொன்னேன். மறுபடி வலித்தது. பெயரை விட்டுவிட்டு அடையாளம் சொன்னேன். ரொம்ப உயரம்... முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி... பின்பக்கம் செங்கல் நிறத்தில் ஓட்டை ஓட்டையாக...

"சல்லடை பில்டிங்கா? அத்த சொல்ல வேண்டியதுதானே. குந்து சார்."

விளம்பர நிறுவனம் மாதக்கணக்கில் மூளையைக் கசக்கி, பலருக்குச் சம்பளம் கொடுத்து வைத்த பெயர் அது. ஊர் ஒரே வார்த்தையில் அதை மாற்றிவிட்டது. காசு வாங்காமல்.

அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் முகம் கடலுக்கு. முதுகு மயிலாப்பூருக்கு. முகத்தை நாங்கள் முழுப் பக்க விளம்பரங்களில்தான் பார்த்திருக்கிறோம். அதில் எப்போதும் சாயங்காலம், எப்போதும் ஒரு வெளிநாட்டு நாய். ஆனால் முதுகு எங்களுக்கு இலவசம். லஸ் பக்கம் நான் காலையில் நடக்கப் போகும் பூங்காவில் ஒரு குறிப்பிட்ட பெஞ்சில் உட்கார்ந்தால், மரங்களுக்கு மேலே அது அப்படியே தெரியும்.

பதினான்காவது மாடி வரைக்கும் சுட்ட மண் நிறத்தில், ஓட்டை போட்ட பலகைகள். அதற்கு மேலே இன்னும் வெறும் கான்கிரீட். பாதி சட்டை போட்ட ஆள் மாதிரி நிற்கும்.

அந்த பெஞ்சில் நாங்கள் நான்கு பேர். கெமிஸ்ட்ரி பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சேஷாத்ரி — எங்கள் எல்லோருக்கும் மாமா. அவர் மனைவி ஜயா மாமி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். ராயப்பேட்டையில் மூன்று தலைமுறையாக ஜன்னல் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பஷீர் பாய். அப்புறம் பத்திரிகையில் பத்தி எழுதும் நான்.

'சல்லடை' என்ற பெயரை முதலில் சொன்னது தானே என்று சேஷாத்ரி மாமா உறுதியாக நம்புகிறார். இருக்கலாம். ஆனால் போட்டி கடுமை. சிரிப்பு யோகா கோஷ்டியில் ஒரு பெண்மணி அதை 'ஜல்லிக்கரண்டி' என்கிறார். பொதுப்பணித் துறையில் இருந்த ஒருவர் 'புறாக்கூண்டு' என்கிறார். மூன்றாவது சுற்று நடக்கும்போது மட்டும் பேசும் இன்னொருவர், "பணம் பதினாலாவது மாடியோட தீந்துபோச்சு" என்று ஆழ்ந்த தகவல் போலச் சொல்கிறார்.

சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் அடுத்து, சென்னையில் எல்லோரும் நிபுணராக இருக்கும் துறை இதுதான் — அடுத்தவன் கட்டடம். ஏன் தெரியுமா? பிடிக்காத படத்துக்குப் போகாமல் இருக்கலாம். மட்டமான மேட்ச்சை அணைத்துவிடலாம். பிடிக்காத கட்டடத்தை என்ன செய்வது? தினமும் காலையில் நம் எதிரிலேயே நிற்கிறது. திட்டித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை காலை பெஞ்சில் ஆட்டோக் கதையைச் சொன்னேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. தான் வைத்த பெயர் ஆட்டோ வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதே. மாமி, "ஏதோ பேடன்ட் வாங்கினாப்பல சந்தோஷம்" என்று அவரை ஓர் இடி இடித்தார். எல்லோரும் சிரித்தோம்.

பஷீர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினார். மாமாவும் மாமியும் முன்னால் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, என் பக்கம் வந்தார்.

"சார், அது என் பொண்ணு போட்டது."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. எது?

"சல்லடை."

அவர் மகள் நஸ்ரீன் ஆர்க்கிடெக்ட் என்பது தெரியும். தேனாம்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் வேலை என்பதும் தெரியும். இது தெரியாது. பாய் நடந்துகொண்டே மீதியைச் சொன்னார். இந்த மாதிரிக் கட்டடத்தை ஒருவர் வரைவதில்லையாம். முன்பக்கம் சிங்கப்பூரில் யாரோ வரைந்தது. நீச்சல் குளம் ஒருவர், லாபி ஒருவர். பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்று, இருப்பதிலேயே இளையவளிடம் தள்ளிவிட்டார்கள். அவள் ராத்திரி பகலாக உட்கார்ந்து அந்த ஓட்டைப் பலகையைப் போட்டாள். அவள் பெயரை எங்கேயும் எழுத மாட்டார்கள். ஆனாலும் அவள் போட்டது அங்கே நிற்கிறது.

இப்போது அதுவும் நிற்காது போலிருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே சல்லடை என்று சிரிப்பதாக விற்பனை ஆட்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். பலகைகளை எடுத்துவிட்டுக் கீழிருந்து மேல் வரை கண்ணாடி போட்டுவிடலாம் என்கிறார் முதலாளி. செவ்வாய்க்கிழமை முடிவு. எடுத்துவிட்டால் தான் துபாய் போவதாக நஸ்ரீன் சொல்லிவிட்டாளாம். கையில் வேலை தயாராக இருக்கிறது.

"கண்ணாடிக் கடைக்காரன் பொண்ணு சார்," என்றார் பாய். "கண்ணாடி வேணாம்னு சண்ட போட்டுக்கினு கீறா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது.

"போனா போவட்டும்னு சொல்ல முடியல. வீட்ல எங்கூடப் பேச ஆளு அவ ஒருத்திதான். அவங்கம்மா டிவியாண்டதான் பேசுவாங்க."

மாமாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இத்தனை நாளாக மாமா சல்லடை என்று சொல்லும்போதெல்லாம் இவரும்தானே சேர்ந்து சிரித்தார்?

"சொல்லிட்டா மாமா சங்கடப்படுவாரே சார்."

இதுதான் பஷீர் பாய். அடிபட்டவர், அடித்தவருக்குக் கை வலிக்குமே என்று கவலைப்படுகிறார்.

என் பத்தியில் அந்தப் பலகையைப் பற்றி நல்லதாக நான்கு வரி எழுத முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பார்க்காததைப் பற்றி எழுதுவதில்லை என்பது பத்திரிகையில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித் தந்தது. நான் பார்த்தது வெளிப்பக்கம் மட்டும். உண்மையைச் சொன்னால், வெளியிலிருந்து எனக்கும் அது சல்லடையாகத்தான் தெரிந்தது. அதையும் அவரிடம் சொன்னேன்.

"அப்போ உள்ள போய்ப் பாப்போம்," என்றார். "என் பொண்ணுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மாதிரி வீடு பார்ப்பது என்பது நம் ஊரின் அறிவிக்கப்படாத பொழுதுபோக்கு. வாங்கப் போவதில்லை. வாங்கவும் முடியாது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குளித்து, நல்லதாக உடுத்திக்கொண்டு போவோம். ஏசி உண்டு, காபி உண்டு, ஒரு மணி நேரத்துக்கு 'சார்' என்று கூப்பிட ஆள் உண்டு. வெளியே வந்ததும், "கிச்சன் சின்னது" என்று நிராகரித்துவிட்டு வருவதில் ஒரு சுகம். கோடீஸ்வரர்கள்கூட இவ்வளவு வீடுகளை நிராகரித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே மறுநாளே மாமாவையும் மாமியையும் கிளப்புவது கஷ்டமாக இல்லை. மாமா ஜரிகை வேட்டி கட்டி, தோளில் மெல்லிய மல் துண்டு போட்டு, சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர் போல வந்தார்.

எங்களுக்கு வாய்த்தவர் கார்த்திக். கோட்டு போட்ட, நல்ல பையன். எங்களைப் பார்த்ததுமே நாங்கள் வாங்க மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. எங்களோடு உண்மையிலேயே வாங்கக்கூடிய ஒரு தம்பதியும் லிப்டில் ஏறினார்கள். தி.நகரில் துணி வியாபாரம். கணவர் முப்பத்திரண்டாவது மாடியைப் பேசி வைத்திருந்தார். மனைவிக்கு இதுதான் முதல் வருகை.

மாதிரி வீடு பன்னிரண்டாவது மாடியில். கதவைத் திறந்ததும் கடல். நான்கு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். அதை மறைக்க வேண்டியதில்லை. அது அழகு. குளியலறை, நான் தி.நகரில் முதன்முதலில் வாடகைக்கு இருந்த அறையைவிடப் பெரியது. அங்கே நாங்கள் மூன்று பேர் இருந்தோம் என்பதைக் கார்த்திக்கிடம் சொல்லவில்லை.

மாமி கடலுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார். பிறகு நேராகச் சமையலறை. அங்கே இரண்டு சமையலறை இருந்தது.

"முதல்ல இருக்கறது டிஸ்ப்ளே கிச்சன் மேம். பின்னாடி வெட் கிச்சன்," என்றார் கார்த்திக்.

"காட்டறதுக்கு ஒண்ணு, பண்றதுக்கு ஒண்ணா?" என்றார் மாமி. "சரி, துணி எங்க உலர்த்தறது?"

பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்பது இந்த வளாகத்தின் விதியாம். எலிவேஷன், அதாவது கட்டடத்தின் வெளித்தோற்றம், கெட்டுவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் இறக்குமதி செய்த ட்ரையர் உண்டு.

"கஞ்சி போட்ட காட்டன் புடவையை அதுல போட்டா அப்பளமாத்தான் வரும். பொரிச்சுச் சாப்பிடலாம்."

கார்த்திக் சிரித்தார். தி.நகர் அம்மா சிரிக்கவில்லை. காதில் வைரம் மின்ன, மாமியின் பக்கம் நகர்ந்தார்.

"கரெக்டா கேட்டீங்கம்மா. இப்போ இருக்கற அபார்ட்மென்ட்லயும் இதே ரூல்ஸ்தான். ஒரு நாள் மழை வர்ற மாதிரி இருந்துச்சு, அவசரத்துக்கு பால்கனி கம்பியில என் நைட்டியப் போட்டேன். செக்ரட்டரி போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டாரு. நூத்தம்பது வீடு பாத்துச்சு."

கணவர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சில கோடி ரூபாய் வீட்டுக்குள் நின்றுகொண்டு இரண்டு பெண்கள் பேசியது முழுக்க ஈரத்துணி. கடல் கேட்பாரற்றுக் கிடந்தது. பாயின் கண் வெட் கிச்சனுக்குப் பின்னால் இருந்த ஒரு கதவின் மேலேயே இருந்தது. மாமி அந்தப் பார்வையைப் பிடித்தாரோ என்னவோ, போய் அந்தக் கதவைத் திறந்தார்.

காற்று. அதுதான் முதலில் வந்தது. கதவைத் திறந்ததுமே முகத்தில் அடித்த காற்று.

நீளமாக, ஓர் ஆள் தாராளமாக நடக்கும் அகலத்தில் ஓர் இடம். வெளிப்பக்கம் முழுக்க அந்த ஓட்டைப் பலகை. மேற்கு வெயில் ஓட்டைகள் வழியே விழுந்து தரையெல்லாம் வட்ட வட்டமாகக் கிடந்தது. இரண்டு பிரம்பு நாற்காலி, ஒரு தொட்டிச் செடி. கார்த்திக் அதை 'ப்ரீஸ் டெக்' என்றார். சாயங்காலம் உட்கார்ந்து மசாலா டீ குடிக்கலாமாம்.

மாமி அண்ணாந்து பார்த்தார்.

"இந்தக் கொக்கி எதுக்கு?"

கூரையில் இந்தக் கோடியில் இரண்டு, அந்தக் கோடியில் இரண்டு. கார்த்திக்கும் அப்போதுதான் பார்த்தார். ஊஞ்சலாக இருக்கலாம் என்றார். விளக்காகவும் இருக்கலாம்.

"ஏன்னா, இங்க வாங்கோ. நம்மாத்துல இருக்கறதே, கயித்தை இழுத்தா மேல போற கொடி... அதுக்குப் போட்ட கொக்கி இது. இங்க பாருங்கோ, கயித்தைச் சுத்தறதுக்குச் செவுத்துல ஆணி. இதைப் போட்ட மகராசி துணி உலர்த்தினவ."

பாய் பலகையின் ஓர் ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடி வெட்டிய பிறகு கூர் பார்ப்பார்களே, அப்படி. தலையைத் தூக்கவே இல்லை.

அடுத்து மாமி செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமாவின் தோளிலிருந்து துண்டை உருவினார். உள்ளே போய் அந்த இத்தாலியக் குழாயில் நனைத்து, முறுக்கிப் பிழிந்து, கொண்டுவந்து பிரம்பு நாற்காலியின் முதுகில் விரித்துப் போட்டார். கார்த்திக், "மேம்..." என்று தொடங்கி, முடிக்கவில்லை. ஒரு கணக்கு டீச்சரிடம் விடைத்தாளைப் பிடுங்க யாருக்குத் தைரியம் வரும்?

"காபி குடுப்பேள்னு சொன்னாளே," என்றார் மாமி.

காபி குடித்தோம். மெஷின் காபி, மாமி அதைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுதவில்லை. மீதி அறைகளைப் பார்த்தோம். மாமா மட்டும் பின்பக்கமே நின்றார். போய்ப் பார்த்தேன். ஓட்டையில் கண்ணை வைத்திருந்தார்.

"நம்ம பூங்கா தெரியறது," என்றார். "நம்ம பெஞ்ச்கூடத் தெரியறது. அங்கேர்ந்து பார்த்தா இங்க ஒண்ணுமே தெரியாதே." ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எத்தனை நாள் அங்க உக்காந்துண்டு பேசியிருக்கேன்," என்றார்.

அரை மணி கழித்து மாமி துண்டை எடுத்து உதறினார். ஓரத்தில் மட்டும் லேசாக ஈரம். மற்றபடி மொடமொட. தி.நகர் அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். தொழில் துணியல்லவா, தொட்டாலே தெரியும். கார்த்திக்கின் பக்கம் திரும்பினார்.

"முப்பத்திரண்டுல இது இருக்கா?"

"இல்ல மேம். பதினாலு வரைக்கும்தான். அதுக்கு மேல ஃபுல் கிளாஸ்."

"அப்போ எங்களுக்குப் பதினாலு குடுங்க."

கணவர் பதறினார். முப்பத்திரண்டில் வ்யூ எப்படி என்று மனைவிக்கு விளக்கினார். அந்த அம்மா நிதானமாகக் கேட்டார்: "ஏங்க, பதினாலுல இருந்து பாத்தா கடல் சின்னதாயிடுமா?"

பாவம் கார்த்திக். நல்ல செய்தி சொல்வதாக நினைத்து வாயைத் திறந்தார். "கவலையே படாதீங்க மேம். பதினாலு வரைக்கும் இருக்கறதையும் எடுத்துட்டு கிளாஸ் போடப் போறாங்க."

"எடுக்க மாட்டோம்னு சொன்னாத்தான் அட்வான்ஸ். உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க."

அதற்குள் அடுத்த கோஷ்டி ஒன்று உள்ளே வந்திருந்தது. அதிலும் இரண்டு பெண்கள். கொக்கிச் செய்தி அவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நாங்கள் லிப்டுக்குக் காத்திருந்தபோது கார்த்திக் ஓரமாக நின்று போனில் தணிந்த குரலில் பேசியது காதில் விழுந்தது: "சார், எல்லாரும் கீழ் மாடியே கேக்கறாங்க சார்..."

எல்லா ஊரிலும் பணக்காரர்கள் மேல் மாடிக்கு அடித்துக்கொள்வார்கள். துணிக்கொடிக்காகப் பதினெட்டு மாடி இறங்கி வர, சென்னைக்காரர்களால் மட்டும்தான் முடியும்.

செவ்வாய்க்கிழமை போனது. புதன்கிழமை காலை பஷீர் பாய் பெஞ்சுக்கு வந்தபோது கையில் ஓர் எவர்சில்வர் டப்பா. உள்ளே நெய் மினுமினுக்கும் ரவை இனிப்பு, தம்ரூட். மாமா கை நீட்டிவிட்டு நிறுத்தினார். முட்டை உண்டா?

"இல்ல மாமா. உங்களுக்குன்னே முட்ட இல்லாம செய்யச் சொன்னேன்."

"என்ன விசேஷம் பாய்?"

"பொண்ணு துபாய் போகல." பிறகு மரங்களுக்கு மேலே கையைக் காட்டினார். "அத்த எடுக்கலியாம். மேல வரைக்கும் அதையே போடப் போறாங்களாம். அது... எம்பொண்ணு போட்டது மாமா."

மாமா கையில் எடுத்த தம்ரூட் வாய்க்குப் போகவில்லை. மாமி அவரையே பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். மாமா எழுந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "சல்லடைன்னா காத்து நன்னா வரும்னு நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடிண்டு தின்னுங்கோ," என்றார் மாமி.

அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போக நஸ்ரீன் ஸ்கூட்டரில் வந்தாள். சின்னப் பெண். மாமாவைப் பார்த்ததும், "சல்லடைன்னு பேர் வெச்ச மாமா நீங்கதானே? அத்தா சொல்லியிருக்காங்க," என்றாள்.

பஷீர் பாய் மறுபடியும் ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார்.

மாமா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் விடவில்லை. "நான் வரஞ்சதே அத வெச்சுத்தான் மாமா. எங்க வீட்டு மாவு சல்லடை. காத்த உள்ள விடணும், கண்ண விடக் கூடாது. எங்க ஆபீஸ்லயும் அதுக்கு அந்தப் பேருதான். முதலாளிக்குத்தான் அது திட்டுன்னு தோணிடுச்சு."

நான் பல வருஷம் செய்தி திருத்தியவன். இதைக் கேட்டதும் பழைய ஞாபகம் வந்தது. சில சமயம் நிருபர் அனுப்பும் செய்தி அத்தனையும் சரியாக இருக்கும். போட்ட தலைப்பு மட்டும் தப்பாகப் போயிருக்கும். எங்கள் பெஞ்சும் அப்படித்தான். அந்தக் கட்டடத்தைத் தப்பாகப் பார்க்கவில்லை. சரியாகப் பார்த்துவிட்டுச் சிரித்தோம், அவ்வளவுதான்.

பாய் கேட்ட நான்கு வரியை இப்போது எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்கள், எங்கள் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாள். மாற்றிவிட்டேன். மாமா தன் பெயரை மாற்ற வேண்டாம் என்றார். மாமி மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன்.

இனி எந்தப் புதுக் கட்டடத்தைப் பற்றியும் என்னிடம் கருத்துக் கேட்காதீர்கள். ஜயா மாமியையும் ஓர் ஈரத்துண்டையும் உள்ளே அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் பொறுங்கள்.